கரையை மூடிய தளபதி

கண்டக்குழிக் கரையில் சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் படகுகள் மணலில் கிடக்கும். பைபர் படகுகளின் அடிப்பக்கம் வெளுத்து, வலைகள் தார்ப்பாயின் கீழே மடிந்து, கரை சும்மா இருப்பதுபோலத் தோன்றும். அப்படியொரு நாளில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "இப்ப இந்தப் பக்கம் கடலுக்குப் போக ஏலாது தம்பி. களப்புப் பக்கம் எண்டா போகலாம். அது எப்பவும் தெண்ணீர்" என்றார். அலையடங்கிய நீரை அவர்கள் தெண்ணீர் என்கிறார்கள். மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம் என்று கற்பிட்டிக் குடாநாட்டின் முழு அமைப்பும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. வடக்கே போனால் களப்பின் வாயருகே கற்பிட்டிக் கோட்டை. அதற்கும் அப்பால் இன்னும் டச்சு பே, போர்த்துக்கல் பே என்றே அழைக்கப்படும் இரண்டு குடாக்கள்.

அந்தக் கோட்டையை 1667-இல் தொடங்கி 1676-இல் ஒல்லாந்தர் கட்டி முடித்தார்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து எழுப்பிய தடித்த சுவர்கள். காரை உதிர்ந்த இடங்களில் கையை வைத்துப் பார்த்தால் கல்லில் பூப்போன்ற சிறு குழிகள் தட்டுப்படும். உயிருள்ள காலத்தில் அவை கடலடிப் பாரில் இருந்தவை. இன்று கோட்டை கடற்படையின் வசம் இருப்பதால் அனுமதி பெற்றுத்தான் உள்ளே போகலாம். வாசலின் மேல்முகப்பு தேவாலய முகப்பைப் போல இருக்கிறது. கோயில் கட்டப்போவதாகச் சொல்லிக் கண்டி அரசனிடம் இடம் வாங்கிக் கோட்டையைக் கட்டிவிட்டார்கள் என்ற ஊர்க்கதை அதனால் வந்தது. கதை உண்மையோ பொய்யோ, ஒல்லாந்தரின் சொல்லைப் பற்றி இந்தக் கரை என்ன நினைத்தது என்பதை அது சொல்கிறது.

இந்தக் கோட்டையின் முன்னால் நின்றபோது எனக்கு எழுந்த கேள்வி எளிமையானது. இதை யாருக்கு எதிராகக் கட்டினார்கள்? போர்த்துக்கேயர் 1658-ஆம் ஆண்டிலேயே இலங்கையை விட்டுத் துரத்தப்பட்டுவிட்டார்கள். எஞ்சியிருந்த எதிரி கண்டியின் இரண்டாம் இராஜசிங்கன். அவனிடம் கப்பற்படை இல்லை. கப்பலே இல்லாத அரசனுக்கு எதிராக ஒரு களப்பின் வாயில் ஒன்பது ஆண்டுகள் கல் சுமந்து கோட்டை கட்டவைத்த மனம் எப்படிப்பட்டது? அந்த மனத்துக்குச் சொந்தக்காரர் ரைக்லோஃப் வான் கூன்ஸ். தமிழர் வாழும் கரைகளின் அரசியல் வரைபடத்தை ஒரே பருவத்தில் மாற்றியவர். அவருடைய பெயர் நம்மவர்களுக்கு அதிகம் பழக்கமில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படுகிறது.

1619-இல் ஜெர்மானிய எல்லையோர ஊரான ரேஸில் பிறந்தவர். ஒன்பது வயதில் பெற்றோருடன் ஜாவாவின் பத்தாவியாவுக்குக் கப்பலேறி, விரைவில் இருவரையும் இழந்தார். பன்னிரண்டு வயதளவில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கரையில் கம்பனியின் தலைமையிடம் அப்போது பழவேற்காடு. துணியும் பாக்கும் அரிசியும் யாரிடமிருந்து யாருக்குப் போகின்றன, எந்தக் காற்றில் எந்தக் கப்பல் எங்கே நிற்கும் என்பதை அவர் கற்றது அங்கேதான். பிறகு கணக்கர், வணிகர், ஜாவாவின் மாத்தராம் அரசவைக்கு 1648 முதல் 1654 வரை ஐந்து முறை போன தூதர் என்று உயர்ந்தார். படைமுகாமில் வளர்ந்த மனிதரல்லர். 1655-இல் ஹொலண்டுக்குத் திரும்பியபோது, இலங்கையிலிருந்தும் மலபாரிலிருந்தும் போர்த்துக்கேயரை முழுதாக அகற்றும் திட்டத்தைக் கம்பனியின் பதினேழு இயக்குநர்கள் முன் வைத்து அவர்களை இணங்கவைத்தார். 1657-இல் திரும்பி வந்தபோது அவர் கையில் இலங்கை, சோழமண்டலம், மலபார், சூரத் ஆகிய கரைகளின் கடல், தரை அதிகாரம் இரண்டும் இருந்தன.

அவருடைய பலம் என்ன என்று கேட்டால் 1658-ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களைக் காட்டினால் போதும். ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி. பெப்ரவரியில் மன்னார். மார்ச்சில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி முற்றுகை. ஜூன் மாதக் கடைசியில் அது பணிந்தது. ஜூலையில் நாகப்பட்டினம். பாக்கு நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் சுற்றியிருந்த போர்த்துக்கேயரின் நான்கு தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. போர்த்துக்கேயர் இவற்றை நான்கு இடங்களாகப் பார்த்தார்கள். வான் கூன்ஸ் அவற்றை ஒரே நீர்ப்பரப்பின் நான்கு மூலைகளாகப் பார்த்தார். முத்துக்குளிப்பும் பரதவரின் கடற்பயணமும் யானை வணிகமும் அரிசித் தோணிகளும் அந்த நான்கையும் ஏற்கெனவே இணைத்து வைத்திருந்தன. கரையில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு படைத்தலைவன் அந்தக் கண்ணால் பார்த்ததுதான் புதிது.

யாழ்ப்பாண முற்றுகையை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் அவருடைய பொறுமை. மன்னாரிலிருந்து தப்பி வந்தவர்களும் குடும்பங்களும் அகதிகளுமாகக் கோட்டை நெரிந்து கிடந்தது. ஊர்காவற்றுறைக் கடல் நடுவிலிருந்த கோட்டை, குடிதண்ணீர் இல்லாமல் முன்னதாகவே பணிந்துவிட்டது. அந்த நேரத்தில் இன்னொரு ஒல்லாந்தக் கப்பற்படை கோவாவின் வாயை அடைத்துக்கொண்டு நின்றதால், அங்கிருந்து உதவி வர வழியில்லை. சுவரேறிப் பாய்ந்து ஆட்களைப் பலிகொடுக்க அவர் அவசரப்படவில்லை. பசியும் நோயும் வேலை செய்யும்வரை மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தார். அவரோடு வந்த போதகர் பிலிப்பஸ் பால்டியஸ் பின்னர் 1672-இல் வெளியிட்ட பெருநூலில் இந்தப் போரைக் கண்ணால் கண்டவராகவே எழுதினார்.

தோற்கும் இடத்தில் தோல்வியை ஒப்புக்கொள்ளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1662-இல் கொல்லமும் கொடுங்கல்லூரும் விழுந்தபின் கொச்சியை முற்றுகையிட்டார். ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், மழைக்காலம் நெருங்கியது. சோளகம் தொடங்கிவிட்டால் அந்தக் கரையில் கப்பல் நிற்க முடியாது. கண்டக்குழிப் பெரியவர் சொன்ன அதே கணக்கு. இரவோடிரவாக, கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாமல் படையைக் கப்பலேற்றிக்கொண்டு விலகினார். அந்த ஆண்டின் இறுதியில் மறுபடியும் வந்தார். 1663 ஜனவரியில் கொச்சி விழுந்தது, அடுத்த மாதம் கண்ணனூர். போர்த்துக்கலும் ஒல்லாந்தும் ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் செய்து முடித்திருந்த செய்தி இந்தியக் கரைக்கு வந்துசேர்ந்தபோது கொச்சியைக் கைப்பற்றும் வேலை முடிந்திருந்தது. ஆனால் அவர் பின்வாங்கிய அந்த இடைக்காலத்தில், ஒல்லாந்தருக்கு உதவினார்கள் என்று கொச்சியின் யூதர்களைப் போர்த்துக்கேயர் தாக்கிக் கொள்ளையிட்டார்கள். திறமையான பின்வாங்கலின் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள். படைவரலாறு எழுதுவோர் இதை ஒரு வரியில் தாண்டிப்போவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இலங்கையின் மலைநாடு அவருக்கு முந்திய தளபதிகளுக்கு என்ன செய்தது என்பதையும் அவர் நன்றாகவே அறிந்திருந்தார். 1594-இல் பேரோ லோப்பஸ் டி சூசாவின் படை தந்துறையில் அழிந்தது. 1630-இல் கொன்ஸ்தந்தீனு டி சா ஊவாவுக்கு ஏறிப்போய் ரந்தெனிவெலயில் மாண்டார். 1638-இல் தியோகு டி மெல்லோ கன்னொறுவையில் மாண்டார். அந்தக் கடைசிப் போரை நடத்தியவனே இரண்டாம் இராஜசிங்கன்தான். ஏறிப்போனவர்கள் எல்லாம் ஒரே மாதிரி மடிந்தார்கள். நகரம் காலியாக இருக்கும், நெல் எரிந்திருக்கும், திரும்பும் பாதையில் காடே சுடும். வான் கூன்ஸ் கண்டிக்கு ஏறும் தவறைச் செய்யவில்லை. மலையை விட்டுவிட்டுக் கரையை மூடுவது என்று முடிவெடுத்தார். கற்பிட்டி 1659-இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது, திருகோணமலை 1665-இல், மட்டக்களப்பு 1668-இல். கண்டியின் பாக்கு வெளியே போகும் வாசல்களும், தென்னிந்தியத் துணியும் கரையின் உப்பும் உள்ளே வரும் வாசல்களும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

கற்பிட்டிக் கோட்டையின் பொருள் இதுதான். பீரங்கிகள் கண்டியின் கப்பல்களுக்காக வைக்கப்படவில்லை. களப்புக்குள் வந்து புத்தளத்தில் சரக்கு இறக்கிய வணிகர்களுக்காக வைக்கப்பட்டன. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்த மரக்காயர்களின் தோணிகள், புத்தளத்திலிருந்து பொதி சுமந்து மலைக்கு ஏறிய தவளமாடுகள், உப்பளத்தில் நின்ற உழைப்பாளிகள் எல்லாரும் அந்தச் சுவரின் குறிக்குள் வந்தார்கள். புத்தளம் கண்டி அரசனுடையது, கற்பிட்டி கம்பனியுடையது. வீடு ஒருவருக்கும் படலை இன்னொருவருக்கும் சொந்தமானால் எப்படியோ, அப்படி.

இங்கேதான் அவருடைய குறை தொடங்குகிறது. அது அவருடைய பலத்திலிருந்தே முளைத்தது என்பதுதான் என் வாதம். கடலை முழுதாகக் காணத் தெரிந்தவருக்கு நிலம், கடலின் ஓரமாகவே தெரிந்தது. துறைமுகம் போனால் போர்த்துக்கேயனுக்கு எல்லாம் போய்விடும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு கண்டியையும் அளந்தார். துறைமுகங்கள் போனபின்னும் இராஜசிங்கனுக்கு நெல் வயல் இருந்தது, காடு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் இருந்தது.

கம்பனிமீது அரசனுக்கு இருந்த கோபமும் பழையது. 1638-இல் செய்த ஒப்பந்தத்தில், பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவல் இருப்பது அரசனின் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற வாசகம் ஒல்லாந்தர் கைப்பிரதியில் இல்லாமற்போனது. 1656-இல் கொழும்பு முற்றுகையை நடத்திய கெரார்ட் ஹுல்ஃப்டை அரசன் நேரில் அழைத்துக் கௌரவித்தான். அந்தத் தளபதி ஏப்ரல் 10 அன்று அகழியில் சுடப்பட்டு இறந்தார். மே மாதம் கொழும்பு பணிந்ததும் வாசல் அரசனுக்கு மூடப்பட்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல என்று சிங்கள மக்கள் இன்றைக்கும் சொல்லும் பழமொழியை இந்தச் சம்பவத்தோடு சேர்த்தே சொல்வார்கள். அரசன் கொழும்பைச் சுற்றிய ஊர்களை வெறுமையாக்கி, குடிகளை மலைக்குள் அழைத்துக்கொண்டு போனான். கறுவாவை உரிக்கவும் வயலை விதைக்கவும் ஆளில்லாமல் கம்பனி தவித்தது. வான் கூன்ஸ் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது அவர் முன் இருந்தது இந்த வெறுமைதான்.

1664 டிசம்பரில் கண்டியில் அரசனுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. தப்பிய இராஜசிங்கன் ஒல்லாந்தரிடம் உதவி கேட்டான். அப்போது அந்தக் கோரிக்கையை நட்பின் கதவாகத் திறந்திருக்கலாம். ஆனால் கம்பனிப் படைகள் அரசனின் விசுவாச ஊழியர்கள் என்ற பெயரிலேயே சப்ரகமுவைப் பக்கம் நகர்ந்து ருவன்வெல்லையிலும் பிபிலேகமையிலும் காவலரண் போட்டன. குடிகளைக் கொண்டுவந்து நிலத்தை மறுபடி விதைக்கவைத்தார்கள். இன்னும் சில ஆண்டுகளில் கிழக்குத் துறைமுகங்களும் வந்துசேர்ந்தன. அரசன் குடிகளால் வெறுக்கப்பட்டவன், அவன் ஆட்சி தானாகவே உடையும் என்று வான் கூன்ஸ் நம்பினார். கலகம் அந்த நம்பிக்கைக்குச் சாட்சிபோல வந்தது. தனக்கு வேண்டிய செய்தியைத் தரும் ஒற்றர்களை நம்புவது வெற்றி பெற்றுப் பழகிய தளபதிகளிடம் அடிக்கடி காணும் நோய். 1658-இல் எதிரியின் ஒவ்வொரு அசைவையும் சரியாகப் படித்தவர், 1665-இல் எதிரியின் மௌனத்தைத் தவறாகப் படித்தார்.

1670-இல் அந்த மௌனம் கலைந்தது. கண்டிப்படை இறங்கி அரந்தறைக் காவலரணைப் பிடித்தது. புதிதாகக் குடியமர்த்தப்பட்டவர்கள் அரசன் பக்கம் போனார்கள். 1672-இல் பிரெஞ்சுக் கப்பற்படையோடு டி லா ஹே திருகோணமலையை அடுத்த கொட்டியாற்றுக்கு வந்தபோது அரசன் அவரை வரவேற்றான். கரையை மூடினால் வெளியிலிருந்து எவனும் வரமாட்டான் என்ற கணக்கும் பிழைத்தது. மூடிய கரைதான் அரசனை இன்னொரு ஐரோப்பியனைத் தேடவைத்தது. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும்: பிரெஞ்சுக்காரரை எதிர்கொண்ட விதத்தில் பழைய வான் கூன்ஸ் மறுபடி தெரிந்தார். விரைவாகக் கப்பல்களைத் திரட்டினார், அவர்கள் திருகோணமலையில் காலூன்றவில்லை. டி லா ஹே மயிலாப்பூருக்குப் போய்ச் சாந்தோமைப் பிடித்தார். ஒல்லாந்தரும் கோல்கொண்டாவும் சேர்ந்து நெருக்க, 1674 செப்டம்பரில் அதையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கடற்போரில் அவர் சோடைபோனதில்லை. ஆனால் 1675-இல் பிபிலேகமை கண்டிப்படையிடம் விழுந்தது. மலையடிவாரத்தில் பத்து ஆண்டுகள் நட்டவை கையைவிட்டுப் போயின.

இதை எல்லாம் ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர் யாழ்ப்பாணத் தமிழரான சின்னப்பா அரசரத்தினம். 1658 முதல் 1687 வரையிலான ஒல்லாந்த ஆட்சியைப் பற்றிய அவருடைய நூல் 1958-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. கம்பனியின் சொந்தக் கடிதங்களை வைத்தே கம்பனியின் போர்ச்செயலை அவர் விசாரித்தார். கோட்டை பிடித்த தேதிகளோடு நின்றுவிடாமல், யாருடைய செலவில், யாருடைய அனுமதியோடு என்று கேட்டார். வான் கூன்ஸைப் புரிந்துகொள்ள அந்த இரண்டாவது கேள்வி மிகவும் தேவையானது. பத்தாவியாவில் மகாதேசாதிபதியாக இருந்த யொவான் மாட்சாய்க்கர் முன்பு இலங்கையின் ஆளுநராக இருந்தவர். கண்டியோடு இணங்கிப்போவதே இலாபம் என்று கருதியவர். அவரைத் தாண்டி ஹொலண்டில் இருந்த இயக்குநர்களுக்கு நேரே எழுதித் தன் விருப்பத்துக்கு ஆதரவு தேடினார் வான் கூன்ஸ். பத்தாவியாவுக்குப் பதிலாகக் கொழும்பே கம்பனியின் கீழைத்தேயத் தலைநகராக வேண்டும் என்பது அவர் கனவு. இலங்கை தன் செலவைத் தானே ஈட்டும் என்று மறுபடி மறுபடி உறுதி சொன்னார். செலவு வருமானத்தை மிஞ்சியே நின்றது.

கீழே இருந்தவர்களை அவர் நடத்திய விதத்துக்கு ஒரு சாட்சி மலபாரில் இருக்கிறது. 1662 கொச்சிப் போரில் அவருக்குக் கீழே போரிட்ட ஹென்றிக் வான் ரீட், 1670 முதல் 1677 வரை மலபாரின் தலைமை அதிகாரியாக இருந்தார். மலபார் கொழும்புக்குக் கீழ்ப்பட்ட துணைநிலமாக இருக்கவேண்டும் என்றார் வான் கூன்ஸ். மலபாருக்குத் தனி மதிப்பு உண்டு என்றார் வான் ரீட். உறவு முறிந்தது. அந்த மண்ணின் செல்வத்தைக் காட்டும் முயற்சியில் வான் ரீட் உள்ளூர் வைத்தியர்களைக் கூட்டிச் செடிகொடிகளைப் பதிவுசெய்தார். 1678 முதல் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் அப்படித்தான் உருவானது. இதே காலத்தில் 1675-இல் வான் கூன்ஸ் இலங்கை ஆளுநர் பதவியை விட்டு விலகியபோது அதில் அமர்ந்தவர் அவருடைய மகன். தந்தையின் பெயரே அவருக்கும். மாற்றுக்கருத்துச் சொல்லக்கூடியவர்கள் விலகிப்போக, ஒத்துப்பாடுபவர்கள் அருகில் நின்றார்கள். ஒரு பருவத்தில் நான்கு கோட்டை பிடித்த காலத்தில் ஒற்றை மனம் முடிவெடுத்தது வேகத்தைக் கொடுத்தது. பத்தாண்டு நீளும் விவகாரத்தில் அதே ஒற்றை மனத்தைத் திருத்த ஆளில்லாமற் போனது.

கரையில் வாழ்ந்தவர்களுக்கு அவர் காலம் வேறொரு இறுக்கத்தையும் கொண்டுவந்தது. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். கோயில்கள் சீர்திருத்த சபைக்குப் போயின. போர்த்துக்கேயரின் ஒற்றர்கள் என்ற ஐயம் கத்தோலிக்கர் எல்லார்மீதும் விழுந்தது. இராணுவக் கணக்கில் பார்த்தால் அந்த ஐயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பிடித்த ஊரில் வாழும் மக்களின் மனத்தைப் பற்றிய கணக்கில் அது பெரும் பிழை. 1687-இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசப் வாஸ் அடிகளார், பின்னர் புத்தளம் வந்து, அங்கிருந்து கண்டிக்கு ஏறினார். ஒல்லாந்தர் கைக்கு எட்டாத கண்டி அரசனின் நிலம் அவருக்குப் புகலிடமாயிற்று. கண்டக்குழியிலும் தலவிலிலும் இன்று மணி ஒலிப்பது கத்தோலிக்க ஆலயங்களில்தான். தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு இந்தக் குடாநாடே திரளும். கற்பிட்டிக் கோட்டைக்குள் பீரங்கி இருந்தது. கோட்டைக்கு வெளியே குடிசைகளுக்குள் செபமாலை இருந்தது.

கண்டியின் கரை முழுவதையும் மூடவேண்டும் என்ற வான் கூன்ஸின் திட்டம் பலித்த நாளும் ஒன்று உண்டு. 1766 பெப்ரவரியில், பெரும் போருக்குப் பின், கண்டி அரசு தன் கரையோரம் அனைத்தையும் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தது. புத்தளமும் அதில் போனது. அப்போது அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல். அந்த வெற்றியை அனுபவிக்க ஒல்லாந்தருக்குக் கிடைத்தது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். 1795 நவம்பரில் கற்பிட்டிக் கோட்டை ஆங்கிலேயரிடம் பணிந்தது.

வான் கூன்ஸ் 1678-இல் பத்தாவியாவின் மகாதேசாதிபதியானார். அங்கும் ஜாவாவில் போர்களையே முன்னெடுத்து, 1681-இல் பதவி விலகி, அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். இராஜசிங்கன் அவருக்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் உயிரோடிருந்தான். இதற்குள் கொழும்பில் லோரன்ஸ் பைல் ஆளுநராகிக் கண்டியோடு இணக்கத்தை நாடும் வழிக்குத் திரும்பியிருந்தார்.

வான் கூன்ஸின் பத்தாவியா வாழ்க்கையில் ஒரு காட்சியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1660-இல் கொட்டியாற்றில் கண்டிப்படையிடம் சிக்கி, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் மல்வத்து ஓயா வழியே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டைக்குத் தப்பி வந்தார். மகன் வான் கூன்ஸ் அவரைப் பத்தாவியாவுக்குக் கூட்டிப்போக, அங்கே தந்தை அவரை வரவேற்றுப் போர்த்துக்கேய மொழியில் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த அரசனின் ஊர்களில் தொப்பி பின்னி விற்றுச் சாப்பிட்டவர். குடிகள் அரசனுக்கு எப்படி அஞ்சினார்கள், அஞ்சியும் ஏன் அவனை விட்டுப்போகவில்லை என்று அருகிருந்து பார்த்தவர். வான் கூன்ஸுக்கு அப்போது வயது அறுபது. கற்பிட்டிக் கோட்டையின் கடைசிக் கல் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.